சூலியா தெருவில் யார் இருக்கிறார்கள்?

பாங்கொக் பக்கமிருந்து மலேசியாவுக்குள் இறங்கும் முதுகுப்பைப் பயணிகள் கனபேருக்கு ஒரு வழக்கமான பாதை இருக்கிறது. பட்டர்வேர்த்தில் ரயிலோ பஸ்ஸோ விட்டு இறங்குவார்கள். ஃபெரியில் ஏறி பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுனுக்கு வருவார்கள். இறங்குதுறையில் இருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஒரு தெருவுக்குப் போவார்கள். மலிவான கட்டில், பியர், மோட்டார் சைக்கிள் வாடகைக் கடை, பழைய புத்தகக் கடை, தாய்லாந்து விசா எடுத்துத்தரும் ஏஜென்சி என்று ஒரு காலத்தில் அந்தத் தெருவில் இல்லாதது இல்லை. பொழுதுபட்டால் வண்டிக்கடைகள் வரும், நூடில்ஸ் கொதிக்கும், சாமம் வரை சனம் நிற்கும். பெயர்ப்பலகையில் 'லெபு சூலியா' என்று மலாயில் இருக்கும். ஆங்கிலத்தில் சூலியா ஸ்ட்ரீட்.

பியர்ப் போத்தலோடு அந்தப் பலகைக்குக் கீழே நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியும்?

சூலியா என்றால் சோழமண்டலக் கரையில் இருந்து போன தமிழ் முஸ்லிம்கள். 'சோழ' என்ற சொல்லில் இருந்து வந்த பெயர் என்பதுதான் பொதுவான விளக்கம். நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற துறைகளில் இருந்து துணியோடு போனவர்கள். பிரிட்டிஷ்காரன் வருவதற்கு முதலே கெடாவில் இருந்து வியாபாரம் செய்தவர்கள். 1786 ஓகஸ்ட்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றினார். அதன் பிறகு அவர்களில் கனபேர் தீவுக்கு மாறினார்கள். லைட் காலத்து முதல் தெருக்களில் ஒன்றுதான் இது. முதலில் மலபார் தெரு என்று பெயர். பிறகு சூலியா தெரு ஆனது. பினாங்கு என்ற பெயரே மலாய் மொழியில் பாக்கைக் குறிக்கும். எங்கட ஆக்களுக்கு இது வாய்க்கு அந்நியமான ஊர் இல்லை.

1794இல் லைட் எழுதிய ஒரு கடிதத்தில் இந்தச் சனத்தைப் பற்றிய கணக்கு இருக்கிறது. தீவில் சுமார் 1,000 பேர் குடியிருக்கிறார்கள், சிலர் குடும்பத்தோடு. கடைக்காரர்கள், கூலிகள். அது தவிர ஒவ்வொரு வருசமும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 ஆண்கள் வருகிறார்கள். கொஞ்சக் காசு சேர்த்ததும் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களின் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள்.

இதைத் திருப்பி ஒருக்கா வாசியுங்கோ. வருவது, ஒரு பருவம் தங்குவது, போவது, அடுத்தவன் வருவது. ஹொஸ்டல் வருவதற்கு 200 வருசத்துக்கு முன்பே இந்தத் தெரு வந்துபோகிறவனின் தெருதான். மூட்டையும் பாயும்தான் அவனுடைய முதுகுப்பை. மலிவான படுக்கைக்கும் மலிவான சாப்பாட்டுக்கும் அன்றைக்கும் தேவை இருந்தது. தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி போட்டு, இரண்டு பக்கமும் சோறும் கறியும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடுதான் இன்றைக்கு மலேசியா முழுக்கப் பெயர்போன நாசி கண்டார். காவடி மாதிரியான அந்தத் தடியைத்தான் 'கண்டார்' என்ற சொல் குறிக்கிறது.

ஆனால் அவர்கள் வெறும் கூலியாட்களாக மட்டும் இருந்துவிட்டுப் போகவில்லை. 1801இல் காதர் முகைதீன் என்ற வணிகர் அந்தச் சமூகத்தின் தலைவராக, 'கப்பித்தான் கெலிங்' என்ற பட்டத்தோடு, கும்பனி அரசால் ஏற்கப்பட்டார். பள்ளிவாசலுக்கு சுமார் 18 ஏக்கர் காணி கிடைத்தது. அந்தக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றைக்கும் சூலியா தெருவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தெருவிலேயே நாகூர் சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சிறிய தர்கா இருக்கிறது. கொஞ்சம் தள்ளிக் குயின் ஸ்ட்ரீட்டில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில். 'கெலிங்' என்ற சொல் கலிங்கத்தில் இருந்து வந்தது. ஒரு காலத்தில் பட்டம். இன்றைக்கு மலேசியாவில் இந்திய வம்சாவளியினரை இழிவாகச் சொல்லும் சொல்.

சரி, பிறகு அந்தச் சனம் எங்கே போனது?

ஒரே நாளில் போகவில்லை. பள்ளிவாசலைச் சுற்றி வக்பு காணியில் வீடுகளும் குடும்பங்களுமாக ஒரு ஊரே இருந்தது. 1905இல் காலனி அரசு சட்டம் போட்டு, முஸ்லிம், இந்து அறக்கட்டளைச் சொத்துகளைப் பார்க்க ஒரு சபை அமைத்தது. அதன் கீழ் குடிமனைகள் எடுபட்டு, வீதியும் வாடகைக் கடைகளும் வந்தன. 1969இல் பினாங்கு தன் சுங்கமில்லாத் துறைமுக அந்தஸ்தை இழந்தது. துறைமுகத்தை நம்பிய தொழில்கள் படுத்தன.

கடைசி அடி சட்டப் புத்தகத்தில் இருந்து வந்தது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டி வைத்திருந்தது. தச்சன், தையல்காரன், மாலை கட்டுகிறவன் எல்லாரும் பழைய கடைவீடுகளில் தாக்குப் பிடித்தது அதனால்தான். 2000 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் இல்லாமல் போனது. வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் நகரத்துக்கு வெளியே போனார்கள். 2008 யூலையில் யுனெஸ்கோ ஜோர்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இந்தத் தெருவில் பல இனச் சனம் கலந்து வாழ்ந்தது அந்த மரபுரிமையின் ஒரு பங்கு. பட்டம் கிடைக்கும்போது வாழ்ந்த சனத்தில் கனபேர் வெளியே. காலியான கடைவீடுகளில் ஹொஸ்டலும் கஃபேயும் வந்தன.

இதில் முதுகுப்பைக்காரனைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அவன் மலிவான கட்டில் தேடி வந்தவன். கட்டில் ஏன் காலியாக இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. பாங்கொக்கின் காவோ சான் வீதியும் இப்படித்தான். அந்தப் பெயருக்கு அரிசி என்று பொருள். அரிசி விற்ற தெரு. இப்போது அங்கே அரிசி வாங்க யாரும் போவதில்லை. தெருவின் பெயர் ஒரு சாட்சி மட்டும். அது காணி உறுதி இல்லை.

இதுக்கும் கொக்குவிலுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேப்பீங்கள். யாழ்ப்பாணத்துக்கு மலாயா புதுசு இல்லை. மலாயாவின் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்து, பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினவர்களின் கதை எங்கட பக்கத்து வீடுகளிலேயே இருக்கிறது. அதனால்தான் பினாங்கைப் பற்றிக் கதைக்கும்போது "தமிழன் போகாத இடம் உண்டோ" என்று எங்களுக்கு ஒரு பெருமை வரும். சூலியாக்களையும் அந்தப் பெருமைக் கணக்கில் சேர்த்துவிடுவோம்.

ஆனால் கொக்குவிலில் இருந்து சைக்கிளில் கொஞ்ச நேரம் மிதித்தால் யாழ் நகரத்தின் சோனகத்தெரு வரும். அதுவும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெயர் கொடுத்த இடம். அதுவும் கடல் வியாபாரத்தோடு வளர்ந்த சமூகம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அங்கேயிருந்த சனத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். வடக்கு முழுவதிலும் இருந்து சுமார் 70,000 முஸ்லிம்கள் அந்த மாதத்தில் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போனார்கள். 2002 சமாதான காலத்திலும் 2009க்குப் பிறகும் கொஞ்சக் குடும்பங்கள் திரும்பி வந்தன. ஊர் முழுதாகத் திரும்பவில்லை. தெருவின் பெயர் மட்டும் ஒருநாளும் வெளியேறவில்லை.

வாடகை ஏறி வெளியேறுவதும் துவக்கு முனையில் வெளியேறுவதும் ஒன்றில்லை. இரண்டையும் சமப்படுத்துவது அநியாயம். ஆனால் இரண்டு தெருக்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: சனம் இல்லாத பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்யப்போகிறோம்? 1794இல் பினாங்கில் கரையிறங்கிய சூலியாவைக் கேட்காமலே 'எங்கட ஆள்' என்று சொல்லிவிடுகிறோம். சோனகத்தெருக்காரரை அப்படிச் சொல்ல ஏன் வாய் வருவதில்லை? அவர்கள் தங்களைத் தமிழர் என்று சொல்வதும் சொல்லாததும் அவர்களின் முடிவு. ஒரே ஊர்க்காரர் என்பதற்கு அந்த முடிவு தேவையில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் இப்போது முதுகுப்பையோடு ஆட்கள் வருகிறார்கள். இன்னும் வருவார்கள். கோட்டை, நல்லூர், நூலகம் எல்லாம் காட்டுவோம். சோனகத்தெருவுக்கும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். பள்ளிவாசலைப் படம் எடுக்க மட்டும் இல்லை. அந்தத் தெருவில் யார் இருந்தார்கள், ஏன் போனார்கள், திரும்பி வந்தவர்களுக்கு வீடும் காணியும் கிடைத்ததா என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதுக்கு முதல் நாங்கள் ஒருக்கா போய், அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.