தாய் வகுப்பை அழைக்கும் மெத்தடுக்கு யூனிட் டெஸ்ட்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் தாய் வகுப்பின் மெத்தடை அதே பெயரில் சேய் வகுப்பு மாற்றி எழுதுவது ஓவர்ரைடு எனப்படும். அப்படி எழுதிய மெத்தட், தன் வேலைக்கு முன்போ பின்போ தாயின் மெத்தடையும் அழைப்பது வழக்கம். இதற்கான சொல் ஜாவாவிலும் பைத்தானிலும் ‘சூப்பர்’, சி ஷார்ப்பில் ‘பேஸ்’. மரபுரிமை என்ற ஏற்பாடே ஓஸ்லோவில் பிறந்த சிமுலா 67 மொழியிலிருந்து வந்தது.

டெஸ்ட் எழுதுவோர் தடுமாறும் இடம் ஒன்றுதான்: தாய் அழைக்கப்பட்டதா என்று எப்படிப் பார்ப்பது? வெளியிலிருந்து வரும் ஆப்ஜெக்ட் என்றால் அதற்குப் பதில் ஒரு மாக், அதாவது போலி ஆப்ஜெக்ட், வைத்துவிடலாம். தாயோ தனியே நிற்பதில்லை. தாயும் சேயும் ஒரே ஆப்ஜெக்ட். ஜாவாவில் மாக் உருவாக்கப் பலரும் நம்பியிருக்கும் மாக்கிட்டோவும் சூப்பர் அழைப்பை மட்டும் போலியாக்கித் தராது. உண்மையில் கேள்வியே தவறு. அழைப்பை விட்டுவிட்டு, அது விட்டுச்செல்லும் விளைவைப் பார்க்க வேண்டும்.

கொல்கத்தா மெட்ரோவின் டாலிகஞ்சை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். இன்று மகாநாயக் உத்தம் குமார் எனப்படும் இந்த நிலையம், 1986 முதல் 2009 வரை பாதையின் தென்கோடி முனையம். கற்பனையாக ஒரு நிரல்: ‘நிலையம்’ என்ற தாய் வகுப்பில் ‘வண்டி வந்தது’ மெத்தட் வருகையை எண்ணிக் கதவைத் திறக்கிறது. ‘முனையம்’ அதை ஓவர்ரைடு செய்கிறது. தாயை அழைத்துவிட்டு வண்டியின் திசையையும் மாற்றுகிறது. திசை மாறியதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட் பாதி டெஸ்ட். எண்ணிக்கை ஒன்று கூடியதா, கதவு திறந்ததா என்றும் பார்த்தால், சூப்பர் வரியை யாராவது அழித்த அன்றே டெஸ்ட் விழும். எழுதி முடித்ததும் அந்த வரியை நாமே ஒருமுறை அழித்து, விழுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

2009 ஆகஸ்டில் பாதை கரியா பக்கம் நீண்டதும் டாலிகஞ்ச் வெறும் ‘நிலையம்’ ஆனது. திசை பற்றிய டெஸ்ட் அதற்கு இனிப் பொருந்தாது. எண்ணிக்கையும் கதவும் பற்றியவை ஓர் எழுத்தும் மாறாமல் பொருந்தும். அதனால்தான் அவற்றைப் பொது டெஸ்ட் வகுப்பில் எழுதி, எல்லாச் சேய்களுக்கும் ஓட்டுகிறார்கள்.

தாயின் மெத்தட் டேட்டாபேஸைத் தொட்டால் கதை வேறு; விளைவைப் பார்ப்பது டெஸ்டில் எளிதல்ல. அப்போது வடிவமைப்பையே திருப்பிவிடலாம்: தாயின் மெத்தடை மாற்ற முடியாதபடி பூட்டி, அது நடுவில் அழைக்கும் வெற்று மெத்தடை மட்டும் சேய் நிரப்பும். ‘டெம்ப்ளேட் மெத்தட்’ என்ற இம்முறையில் சூப்பரை மறக்க வழியே இல்லை. ஆண்ட்ராய்டு இப்படிப் பூட்டவில்லை. அதன் ஆக்டிவிட்டி வகுப்பின் ‘ஆன்கிரியேட்’ மெத்தடில் சூப்பரை விட்டால் ஓடும்போது செயலி நின்றுவிடும்.

வேடிக்கை என்னவென்றால், ஜாவாவின் சோதனைக் கருவியான ஜேயூனிட்டிலும் இதே குழி இருந்தது. ஜேயூனிட் 3-இல் டெஸ்டுக்கு முன் ஓடும் தயாரிப்பு மெத்தடான ‘செட்அப்’பை ஓவர்ரைடு செய்து சூப்பரை மறந்தவர்கள் ஏராளம். ஜேயூனிட் 4 தாயின் தயாரிப்பைத் தானே முதலில் ஓட்டியது, சேய் அதே பெயரில் ஓவர்ரைடு செய்யாதவரை.