பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு

1940 ஜூனில் பாரிஸ் ஹிட்லரின் படையிடம் வீழ்ந்ததும், சர்ரியலிசக் கலைஞர்கள் பலர் மார்செய் துறைமுகத்துக்கு ஓடினார்கள். கனவையும் ஆழ்மனத்தையும் வரைந்துகொண்டிருந்தவர்களுக்கு இப்போது விசா வேண்டியிருந்தது. அதற்கு வழிசெய்தவர் வேரியன் ஃபிரை என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். காத்திருந்த மாதங்களில், இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோனும் நண்பர்களும் புதிதாக ஒரு சீட்டுக்கட்டு வரைந்தார்கள். ராஜா, ராணிகளை விரட்டிவிட்டு ஃபிராய்டையும் ஹெகலையும் அதில் உட்காரவைத்தார்கள்.

மாக்ஸ் எர்ன்ஸ்ட் பட்ட பாடு தனிக்கதை. ஜெர்மனியில் பிறந்த அவருடைய ஓவியத்தை நாஜிகள் 1937இல் 'சீரழிந்த கலை' என்று காட்சிக்கு வைத்துக் கேலி செய்தார்கள். போர் மூண்டதும் பிரான்ஸ் அவரை எதிரி நாட்டவர் என்று பிடித்து, லே மீல் ஊரில் மூடிக்கிடந்த ஓட்டுத் தொழிற்சாலையில் அடைத்தது. 1941 ஜூலையில் செல்வச் சீமாட்டி பெகி குகன்ஹைமோடு நியூயார்க்கில் வந்திறங்கினார். அங்கும் ஜெர்மன் பாஸ்போர்ட்டைப் பார்த்து எல்லிஸ் தீவில் சில நாள் நிறுத்திவைத்தார்கள்.

1942 அக்டோபரில் மன்ஹாட்டனின் பழைய மாளிகை ஒன்றில் அகதிக் கலைஞர்களின் பெரிய கண்காட்சி நடந்தது. குடியுரிமை கேட்பவர் அந்நாளில் முதலில் தரவேண்டியிருந்த விண்ணப்பத்தின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். கலைஞர் மார்செல் துஷான் அறை முழுக்க நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிட்டார். ஓவியங்களை அந்தச் சிக்கலின் ஊடேதான் பார்க்க முடிந்தது. போதாததற்குத் திறப்பு விழாவில் சிறுவர்களை அழைத்துவந்து பந்து விளையாடவிட்டார்.

நியூயார்க் வந்த பிரெத்தோன் ஆங்கிலம் கற்க மறுத்தார். அமெரிக்க வானொலியின் பிரெஞ்சு ஒலிபரப்பில் அறிவிப்பாளராகப் பிழைத்து, 1946இல் ஊர் திரும்பினார். அமெரிக்க ஓவியத்தின் திசையை மாற்றியதில் அவரைவிட இளைஞர் ராபர்தோ மத்தாவுக்கே அதிகப் பங்கு உண்டு. சிலி நாட்டவரான மத்தாவுக்கு ஆங்கிலம் வரும்; ஜாக்சன் பொல்லாக், ராபர்ட் மதர்வெல் போன்ற அமெரிக்க ஓவியர்களை வீட்டுக்கு அழைத்து, யோசிக்காமல் கைபோன போக்கில் வரையும் முறையைப் பழக்கினார். பொல்லாக்கின் முதல் தனிக் கண்காட்சி 1943இல் பெகியின் காலரியில் நடந்தது.

எர்ன்ஸ்டோ பெகியைப் பிரிந்து, ஓவியர் டாரதியா டானிங்கோடு அரிசோனா மாநிலத்தின் செடோனாவுக்குப் போனார். செம்பாறைகளுக்கு நடுவே தன் கையாலேயே வீடு கட்டினார். 1948இல் அமெரிக்கக் குடிமகனானார். 1953இல் பிரான்சுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே வெனிஸ் பியனாலேயில் ஓவியத்துக்கான பெரும் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதை ஏற்றுக்கொண்ட குற்றத்துக்காகப் பிரெத்தோனின் குழு அவரை இயக்கத்திலிருந்து நீக்கியது.