வெயிலுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்கள்

மே மாத மதியத்தில் அம்பத்தூர் எஸ்டேட் பேருந்து நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், வெயிலைப் பற்றிப் பத்து விதமான பேச்சு காதில் விழும். "மண்டையைப் பிளக்குது", "சுள்ளுன்னு அடிக்குது", "அனலா வீசுது", "ஒரே புழுக்கம்" என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். ஆங்கிலத்திலும் இப்படி வண்ண வண்ணமான சொற்கள் ஏராளம். சென்னைக்கு ஹாட், ஹாட்டர், ஹாட்டஸ்ட் என்று மூன்றே பருவங்கள்தான் என்ற பழைய கேலியைக் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால், வெயிலின் கதையோடு வெயிலில் நின்றவர்களின் கதையும் கிடைக்கிறது.

சமையலறையும் சாவும்

ஆங்கிலேயரின் வெயில் சொற்களில் பாதி அடுப்படியிலிருந்து வந்தவை. பாயிலிங் என்றால் கொதிப்பது, ரோஸ்டிங் என்றால் வறுபடுவது, பேக்கிங் என்றால் ரொட்டி போல வேகுவது. நடைபாதையில் முட்டை பொரிக்கலாம் என்பதும் அவர்கள் பேச்சுதான். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஓட்மேன் என்ற சிற்றூரில் ஜூலை 4 அன்று இதை ஒரு போட்டியாகவே நடத்துகிறார்கள். வெள்ளைக்கரு நன்றாக இறுகச் சுமார் 60 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். வெறும் சிமெண்ட் தரை அந்தச் சூட்டை எட்டுவது கடினம் என்பதால் போட்டியாளர்கள் கண்ணாடியை வைத்து வெயிலைக் குவிக்கிறார்கள்!

இன்னொரு சொல் ஸ்வெல்டரிங். தாங்க முடியாத வெக்கையைக் குறிக்கும் இந்தச் சொல்லின் வேர், பழைய ஆங்கிலத்தில் 'இறந்துபோ' என்று பொருள்படும் வினைச்சொல். புழுக்கத்தைக் குறிக்கும் சல்ட்ரி என்பதும் அதே குடும்பம்தான். சாவைக் குறித்த சொல், காலப்போக்கில் வியர்வையைக் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது.

நாயும் கத்திரியும்

கோடையின் உச்சத்தை ஆங்கிலத்தில் டாக் டேஸ், அதாவது நாய் நாட்கள் என்பார்கள். தெருநாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. பெருநாய் விண்மீன் கூட்டத்தில் உள்ள சிரியஸ் விண்மீன், சூரியனோடு சேர்ந்து விடியலில் தோன்றும் காலத்தில் அதன் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது என்று கிரேக்கரும் ரோமானியரும் நம்பினார்கள். நம் அக்னி நட்சத்திரமும் இதே போன்ற கணக்குதான். சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டிக் கடக்கும் நாட்களைத்தான், ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை, கத்திரி என்கிறோம். இரண்டு வெவ்வேறு ஊர்கள், கோடைக்கு விண்மீனையே காரணம் காட்டியிருக்கின்றன.

ஆனால் வெயில் பஞ்சாங்கம் பார்த்து அடிப்பதில்லை. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று. வழக்கமாகக் கத்திரி விடைபெறும் தேதி கழிந்த பிறகு!

இன்னொரு பெயர் மாணவர்கள் பலரை ஏமாற்றும். இண்டியன் சம்மர் என்பது நம் ஊர் மே மாதம் அல்ல. வட அமெரிக்காவில் இலையுதிர் காலக் குளிர் தொடங்கிய பிறகு சில நாட்கள் திரும்பி வரும் இதமான வெப்பம் அது. அதில் உள்ள 'இண்டியன்' அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிப்பது.

மதராஸ் கற்றுக்கொடுத்த சொற்கள்

மதராசுக்கு வந்த ஆங்கிலேயருக்குச் சொந்த ஊர்ச் சொற்கள் போதவில்லை. கர்னல் யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இந்தப் புதுச் சொற்களைப் பார்க்கலாம். கரையோரமாகத் தெற்கிலிருந்து வீசும் பிசுபிசுப்பான காற்றை மதராஸ்காரர்கள் லாங்ஷோர் விண்ட் என்றார்கள். மேற்கிலிருந்து வரும் அனல் காற்றுக்கு லேண்ட் விண்ட் என்று பெயர்.

இந்த இரண்டாவது காற்றுதான் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மக்களுக்கு நன்றாகத் தெரிந்தது. பகலில் தரை சூடேறியதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மெரினா பக்கம் முதலில் அது வந்துவிடும். மேற்குப் புறநகருக்கு வந்து சேர நேரமாகும். மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாளில் கடல்காற்று தாமதமாகும், அன்றைக்குப் பாதரசம் எகிறும்.

அந்த அனலைத் தணிக்க ஆங்கிலேயர் பயன்படுத்தியது வெட்டிவேர்த் தட்டி. வாசலிலும் சன்னலிலும் தட்டியைக் கட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால், வறண்ட காற்று அதன் வழியே வரும்போது நீர் ஆவியாகிக் குளிரும். கடல்காற்றில் ஏற்கனவே ஈரம் அதிகம் என்பதால் அப்போது தட்டி அவ்வளவாகப் பயன்படாது. நம் வெட்டிவேர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் வெட்டிவர் ஆனது. வெயிலுக்கு ஆங்கிலம் தமிழிடம் வாங்கிய கடன் இது.

கயிற்றின் மறுமுனை

பூந்தமல்லியில் அன்று ஐரோப்பியப் படைவீரர்களுக்கான முகாம் இருந்தது. நோய்வாய்ப்பட்டவர்கள் உடல் தேறுவதற்கும் அங்கே தங்கினார்கள். சாதாரணச் சிப்பாய்க்குப் பூந்தமல்லி. பெரிய அதிகாரிகளுக்கு வேறு வழி இருந்தது. 1870 வாக்கில் தொடங்கி, கோடை வந்தால் மதராஸ் அரசாங்கமே கோப்புகளோடு ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது. அந்தச் செலவைக் கண்டித்து இந்தியப் பத்திரிகைகள் எழுதின.

ஊரிலேயே தங்கியவர்களுக்குக் காற்று கொடுத்தது பங்கா. கூரையிலிருந்து தொங்கும் பெரிய துணி விசிறி அது. அதன் கயிறு சுவரைத் துளைத்து வெளியே போகும். அந்த முனையில் வராந்தாவில் ஓர் ஆள் உட்கார்ந்து இரவு முழுக்க இழுத்துக்கொண்டிருப்பார். அவருக்கு விசிறி கிடையாது. அவர் கண்ணயர்ந்தால் உள்ளே இருப்பவர் விழித்துக்கொள்வார், அடி விழும். அப்படி அடித்தும் உதைத்தும் கொல்லப்பட்ட பங்கா இழுப்பவர்கள் உண்டு. மலேரியாவால் மண்ணீரல் வீங்கியிருந்தது, அதனால்தான் செத்தார் என்று சொல்லிக் குற்றவாளிகள் சொற்பத் தண்டனையோடு தப்பினார்கள். 1899 முதல் 1905 வரை வைஸ்ராயாக இருந்த கர்சனே இதைக் கண்டு கொதித்தார். இ.எம். ஃபார்ஸ்டர் 1924இல் எழுதிய 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலின் நீதிமன்றக் காட்சியிலும் ஒரு பங்கா இழுப்பவர் வருகிறார். கடைசி வரை அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய வெயிலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கடிதங்களும் நினைவுக் குறிப்புகளும் குவிந்து கிடக்கின்றன. ரசிக்கத்தக்க வருணனைகள் அவற்றில் உண்டு. அவற்றில் பலவற்றை எழுதியவர்கள் பங்காவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள். கயிற்றின் மறுமுனையில் இருந்தவர் வெயிலை என்ன சொல்லித் திட்டினார் என்பதை யாரும் அகராதியில் சேர்க்கவில்லை.

இன்றைய சதம்

வெள்ளையர் போன பிறகும் ஒரு வழக்கம் இங்கே தங்கிவிட்டது. வானிலைத் துறை செல்சியசில் கணக்குச் சொன்னாலும், நம் செய்தித்தாள்கள் "வெயில் சதமடித்தது" என்றே எழுதுகின்றன. 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். ஃபாரன்ஹீட், கிரிக்கெட் இரண்டுமே ஆங்கிலேயர் விட்டுச் சென்றவை. ஆனால் இரண்டையும் சேர்த்து நாம் உருவாக்கிய தொடர் இது. கேட்க உற்சாகமாகத்தான் இருக்கிறது, யாரோ மட்டையை உயர்த்திக் காட்டுவது போல.

அந்தச் சதத்தின் போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகரக் கூரையின் கீழ் உலைக்கு முன் நிற்பவரும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தார் ஊற்றுபவரும் கைதட்டுவதில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் உயிரைக் குடிக்கும் என்பதற்கு அரசு ஏட்டில் கிடைத்த ஒப்புதல் அது. ஸ்வெல்டரிங் என்ற சொல்லின் வேர் இதை எப்போதோ சொல்லிவிட்டது. அந்தச் சொல்லை ஏசி அறையில் இருந்தபடி சொல்வதும் வெயிலில் நின்று சொல்வதும் ஒன்றல்ல. அடுத்த மே மாதத்தில் யாராவது "வெயில் கொல்லுதுப்பா" என்றால், அது சிலருக்கு வெறும் பேச்சு இல்லை என்பதை மறக்காமல் இருப்போம்.