உமறுகத்தா என்ற பெயர்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கான விண்ணப்பப் படிவங்களை நிரப்பும் நாட்கள் எங்களைப் போன்ற கிராமத்து ஆசிரியர்களுக்குச் சோதனையான நாட்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாடசாலை இடாப்பில் வேறோர் எழுத்து என்று ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஒரு வழக்காகவே வந்து நிற்கும். அப்படி ஒரு நாளில் ஒரு மாணவன் மேசையருகே வந்து மெல்லிய குரலில் கேட்டான்:

"சேர், முழுப்பெயர் கட்டாயம் போடணுமா? யூ.கே. என்று மட்டும் போட்டால் ஏலாதா?"

யூ.கே. என்பது அவனது வாப்பாவின் பெயர்: உமறுகத்தா. வாப்பாவுக்கு அவரது மூத்தவாப்பாவின் பெயரை இட்டிருந்தார்கள். யூ.கே. என்றால் வகுப்புத் தோழர்களுக்கு இலண்டன் நினைவு வருமாம். உமறுகத்தா என்றால் சிரிப்பு வருமாம். அந்தச் சிரிப்பு என்னை வெகுநாள் உறங்கவிடவில்லை. அது அந்தப் பையனை நோக்கிய சிரிப்பு மட்டுமல்ல, எங்கள் எல்லோருடைய மூத்தவாப்பாமாரையும் நோக்கிய சிரிப்பு. அதனால் இதனை எழுதத் துணிந்தேன்.

உமறுகத்தா என்பது வேறெதுவுமல்ல. இஸ்லாத்தின் இரண்டாம் கலீபா உமர் இப்னுல் கத்தாப் (றழி) அவர்களின் பெயர்தான். அறபியில் 'உமர்' என்பது வாழ்வு, ஆயுள் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. 'கத்தாப்' அவரது தந்தையின் பெயர். பேச்சு என்ற பொருள் தரும் வேருடையது. ஆக, எங்கள் மூத்தவாப்பா சுமந்தது ஒரு கலீபாவின் பெயரையும் அவரது தந்தையின் பெயரையும் சேர்த்து. நடுவிலிருந்த 'இப்னு' தேய்ந்தது, இறுதியிலிருந்த 'ப்' உதிர்ந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தேய்வும் திரிபும் அறியாமையால் வந்தவை என்று எண்ணுவோர் உண்டு. தமிழ் இலக்கணம் படித்தவர்கள் அவ்வாறு எண்ண மாட்டார்கள். தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே 'றஸூல்' என்பது புலவர்களின் நாவில் 'இறசூல்' ஆயிற்று. வல்லின மெய்யில் சொல் முடியாது. ஆகவே 'யூசுப்' என்பது 'யூசுபு' ஆயிற்று. ஹகரம் ககரமாயிற்று அல்லது மறைந்தது. 'இப்றாஹீம்' இபுறாகீமானார், 'ஹஸன்' அசனானார். சீறத் என்ற அறபுச் சொல்லைச் 'சீறா' என்றாக்கித் தம் காப்பியத்துக்குப் பெயரிட்டவர் உமறுப்புலவர். அவரது சொந்தப் பெயரிலும் இதே 'உமறு' இருக்கிறது. அறபும் ஆங்கிலமும் அறிந்த அறிஞர் சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட நாவலுக்கு 'அசன்பே சரித்திரம்' என்றே பெயர் வைத்தார். ஹஸன் என்று எழுதத் தெரியாமல் அல்ல.

தமிழ் எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, கொடுக்கவும் செய்தது. அசனார், உசனார், அலியார் என்ற பெயர்களின் ஈற்றிலுள்ள 'ஆர்' தமிழின் மரியாதை விகுதி. நபிகளாரின் பேரர்களையும் மருமகனையும் வெறும் பெயரால் விளிக்க எங்கள் முன்னோருக்கு மனம் வரவில்லை. ஆகவே தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைக்கூட 'அசனார்' என்றே அழைத்தார்கள். பெண் பிள்ளைகளின் பெயரோடு 'உம்மா' சேர்ந்தது. பாத்திமா பாத்தும்மா ஆனாள், கதீஜா கதிசா உம்மா ஆனாள். நாகூரின் சாஹுல் ஹமீது வலியின் நினைவாக மீராசாகிபுகளும், பக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி (1077–1166) அவர்களின் நினைவாக முகைதீன்பாவாக்களும் ஊர்தோறும் பிறந்தார்கள். முஹ்யித்தீன் என்றால் மார்க்கத்தை உயிர்ப்பித்தவர் என்பது பொருள்.

அந்நியப் பெயரைத் தம் நாவுக்கேற்ப வளைப்பது தமிழர் மட்டும் செய்த காரியமா? அறபிகளும் அதையே செய்தார்கள். இப்றாஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக், யஃகூப், மூஸா முதலிய நபிமார்களின் பெயர்கள் அறபுப் பெயர்கள் அல்ல. ஹீப்ருவில் அவ்ராஹாம் என்பது அறபு நாவில் இப்றாஹீம் ஆயிற்று, மோஷே மூஸா ஆனார், மிர்யாம் மர்யம் ஆனார். இத்தகைய பெயர்களை அறபு இலக்கணகாரர்கள் 'அஃஜமி', அதாவது அறபல்லாதவை, என்று வகைப்படுத்தி அவற்றுக்குத் தனி விதியும் வகுத்தார்கள். இப்றாஹீமை இபுறாகீமாக்கியவரைப் பார்த்துச் சிரிப்பவர், அவ்ராஹாமை இப்றாஹீமாக்கியவரைப் பார்த்தும் சிரிக்க வேண்டியிருக்கும்.

இனிப் பொருளுக்கு வருவோம். அறபுப் பெயர் என்றால் ஒளி, அழகு, அருள் என்றே பொருள் இருக்கும் என்பது பெயர்க் கைந்நூல்கள் ஏற்படுத்திய எண்ணம். பழைய அறபிகள் தம் பிள்ளைகளுக்கு இட்ட பெயர்கள் பாலைவனத்திலிருந்து வந்தவை. உஸாமா என்றால் சிங்கம். தல்ஹா முள்மரம் ஒன்றின் பெயர். ஹன்ழலா என்றால் பேய்க்கொம்மட்டி. வாயில் வைக்க முடியாத கசப்பு. உத்மான் என்ற சொல்லுக்குக் கானமயிலின் குஞ்சு என்று அகராதிகள் பொருள் தருகின்றன. மாதம் நிறையுமுன் பிறந்தவள் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது கதீஜா என்ற பெயர்.

இப்பெயர்களைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள். பஸறாவில் பிறந்து ஹிஜ்ரி 321இல் (கி.பி. 933) மறைந்த மொழியறிஞர் இப்னு துறைத் 'கிதாபுல் இஷ்திகாக்' என்ற நூலை எழுதியதே இதற்காகத்தான். அறபிகளின் பெயர்களுக்கு வேருமில்லை, பொருளுமில்லை என்று ஏளனம் செய்தோருக்குப் பதிலாக, ஒவ்வொரு பெயரின் வேரையும் அவர் தேடிக் காட்டினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அறபிகளின் மூத்தவாப்பாமாரைப் பார்த்தும் யாரோ சிரித்திருக்கிறார்கள். பதில் சொல்ல அவர்களுக்கு ஓர் இப்னு துறைத் கிடைத்தார்.

நபி (ஸல்) அவர்கள் சில பெயர்களை மாற்றினார்கள் என்பது உண்மை. அலி (றழி) தம் மகனுக்கு 'ஹர்ப்' (போர்) என்று பெயரிட்டபோது அதனை ஹஸன் என மாற்றியதாக அறிவிக்கப்படுகிறது. 'பர்றா' (நல்லொழுக்கமுடையவள்) என்ற பெயர் தன்னைத்தானே புகழ்வதாக அமையுமென்று அதனை ஜுவைரியா ஆக்கினார்கள். 'ஆஸியா' (மாறு செய்பவள்) ஜமீலாவானாள். ஆனால் எகிப்திலிருந்து வந்த மாரியா அறபல்லாத தம் பெயருடனேயே வாழ்ந்தார். மாற்றத்துக்குக் காரணம் பொருளின் தீமையே தவிர மொழியின் வேற்றுமை அல்ல. ஹன்ழலா என்ற கசப்புக்கூட மாற்றப்படவில்லை. உஹத் களத்தில் ஷஹீதாகி, வானவர்கள் குளிப்பாட்டியவர் என்ற புகழோடு அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

புஹாரியில் வரும் ஒரு செய்தி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. மதீனாவின் பேரறிஞர் ஸஈத் இப்னுல் முஸய்யப் அவர்களின் பாட்டனார் பெயர் ஹஸ்ன். கரடுமுரடான நிலம் என்று பொருள். 'நீர் ஸஹ்ல்' (மென்மையான நிலம்) என்று நபியவர்கள் மாற்றச் சொன்னபோது, தந்தை இட்ட பெயரை மாற்ற மாட்டேன் என்றார் அவர். அந்தக் கரடுமுரடு அதன் பின் தம் குடும்பத்தில் தங்கிவிட்டது என்று பேரர் ஸஈத் கூறினார். நபியின் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை. அதோடு, தந்தை இட்ட பெயர் ஒரு மனிதனை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கும் என்பதும் இதில் தெரிகிறது.

இன்றைய எங்கள் இடாப்புகளைப் பாருங்கள். அண்ணனின் பெயருக்கு எதுகையாகத் தம்பிக்குப் பெயர் கட்டுகிறோம். ஓசை பிறக்கிறது, எந்த வேரும் இல்லை. 'அப்துர் றஹ்மான்' என்பதைத் துண்டாடி, பிள்ளையை 'அப்துல்' என்று மட்டும் அழைக்கிறோம். அதன் பொருள் 'இன்னாரின் அடிமை' என்பது. யாருடைய அடிமை என்பதை விட்டுவிட்டோம். பிர்அவ்னின் மனைவியான ஆஸியா நாயகியின் பெயரும், நபியவர்கள் மாற்றிய ஆஸியா என்ற பெயரும் அறபியில் வெவ்வேறு எழுத்துகளால் ஆனவை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். எங்கள் ஊர் ஆசியா உம்மாக்கள் முதலாமவரின் பெயரைச் சுமந்தவர்கள் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களது உச்சரிப்பு பிழையாக இருந்திருக்கலாம். ஆனால் யாருடைய பெயர் என்பதில் அவர்கள் பிழை விடவில்லை. எங்களுக்கு உச்சரிப்புத் திருந்தியிருக்கிறது. யாருடைய பெயர் என்று கேட்டால்தான் விழிக்கிறோம்.

முதலெழுத்துகள் இன்னொரு கதை. ஏ.எல்., யூ.எல்., ஐ.எல்.எம். என்று எழுதும் பிள்ளையிடம் அவற்றின் விரிவைக் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. அகமதுலெவ்வையும் உதுமாலெவ்வையும் இப்றாலெவ்வையும் ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறார்கள். லெவ்வை என்றால் ஊருக்கு ஓதிக்கொடுத்தவர். கிராமங்களின் எழுதப்படாத வரலாற்றில் ஒரு பகுதி இந்தப் பெயர்களில்தான் மிஞ்சியிருக்கிறது. அதை ஒரு தலைமுறைக்குள் இரண்டு எழுத்தாகச் சுருக்கிவிட்டோம்.

அந்த மாணவனுக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. கரும்பலகையில் அறபு எழுத்தில் 'உமர் இப்னுல் கத்தாப்' என்று எழுதி, அதன் கீழே தமிழில் 'உமறுகத்தா' என்று எழுதி, இரண்டையும் வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் முறை வாசிக்கும்போது வகுப்பில் சிரிப்பு நின்றிருந்தது. "அப்ப இது கலீபாட பேரா சேர்?" என்று பின் வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்.

விண்ணப்பப் படிவத்தைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன். முழுப்பெயர் என்ற இடத்தில் ஓர் எழுத்தும் விடாமல் எழுதியிருந்தான்.