குளமும் காடும் குடியும்

இயற்கையைப் பேணுதல் பற்றி இன்று பேசாதார் இல்லை. அரசாங்கங்கள் பேசுகின்றன, வங்கிகள் பேசுகின்றன, காடழித்துப் பொருள் சேர்த்த கம்பெனிகளும் பேசுகின்றன. ஆயின் இப்பேச்சிற் பெரும்பகுதி தவறானதோர் எடுகோளின் மீது எழுந்ததாகும். இயற்கை ஒருபுறம், மனிதன் மறுபுறம். மனிதனை விலக்கிவிட்டால் மரமும் மானும் பிழைத்துக்கொள்ளும் என்பதே அவ்வெடுகோள். மனிதன் எனும்போது எந்த மனிதன், எத்தகைய பொருளாதார அமைப்பினுள் உழைத்து உண்ணும் மனிதன் என்ற வினாக்கள் அங்கு எழுவதில்லை. உயிரினங்களின் பன்மை அழிந்தமைக்கு மனிதன் இயற்கையோடு உறவு கொண்டது காரணமா, அல்லது அவ்வுறவு வன்முறையால் அறுக்கப்பட்டது காரணமா என்பதை வரலாற்றிடமே கேட்டறிதல் வேண்டும். இலங்கையின் உலர் வலயத்துச் சிறுகுளங்களின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடையைத் தரவல்லது.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பிலே வவுனியாப் பகுதியின் நிலப்படமொன்றை விரித்து வைத்திருந்தபோது, பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், இவ்வளவு சின்னச் சின்னக் குளங்களை ஏன் கட்டினார்கள்? ஒரு பெரிய குளமாகக் கட்டியிருக்கலாமே?” என்று வினவினான். மன்னர்களுக்குப் பெரிய குளம், கிராமத்தவர்க்குச் சிறிய குளம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அன்று சொல்லத் தவறியதையே இங்கு எழுதுகின்றேன்.

உலர் வலயத்தின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடைப்பட்ட மாரிகாலத்தில் பெய்து தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றும் நீரை உறிஞ்சிவிடும். இத்தகைய நிலத்தில் மழைநீரை ஓரிடத்தில் மட்டும் தேக்குவது போதாது. ஒரே நீரைப் பலமுறை பயன்படுத்தும் வழியும் தேவை. மேட்டிலுள்ள குளத்தின் நீர் வயலுக்குப் பாய்ந்து, வயலின் கழிவுநீர் அடுத்த குளத்திற் சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் வயலுக்குப் பாயும். இவ்வாறு ஒரு சிற்றாற்றுப் படுகையில் மாலைபோற் கோக்கப்பட்ட குளத்தொடரைச் சிங்களக் கிராமத்தவர் ‘எல்லங்காவ’ என்பர். பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் இவ்வமைப்பைப் புவியியல் நோக்கில் விளக்கி எழுதிய பின்னரே கல்வியுலகம் இதனைக் கூர்ந்து நோக்கத் தொடங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுகுளங்கள் இத்தகைய தொடர்களாக உலர் வலயமெங்கும் பரந்து கிடக்கின்றன. என் மாணவன் தனித்தனிக் குளங்களெனக் கண்டவை உண்மையில் ஓர் உடலின் உறுப்புக்களாகும்.

குளம் எனின் அணைக்கட்டும் நீரும் மாத்திரமல்ல. குளத்தின் மேற்புற அலைகரையிலே மருதும் இலுப்பையும் செறிந்த மரவரிசை நிற்கும். சிங்களத்தில் இதனைக் ‘கஸ்கொம்மன’ என்பர். இது காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். மீன்கள் இனம்பெருக்க நிழல் தரும். அதற்கு அப்பாலுள்ள புற்றரை, ‘பெரஹன’, வெள்ளத்தோடு வரும் மண்ணை வடிகட்டும். குளக்கட்டின் கீழ்ப்புறத்தில் வயலுக்கு முன்னுள்ள ‘கட்டகடுவ’ என்னும் ஈரநிலப் பற்றை, கட்டினூடே கசியும் நீரிலுள்ள உப்பை வயலுக்குச் செல்லவிடாது தடுக்கும். கிராமத்தவர்க்கு வேண்டிய மூலிகையும் பாய் இழைக்கும் தாழையும் அங்கேயே கிடைக்கும். தொடரின் உச்சியில், காட்டினுள், வயலெதற்கும் நீர் பாய்ச்சாத சிறு குளமொன்று இருக்கும். ‘குளுவெவ’ எனப்படும் அது வண்டலைத் தாங்கும். அத்துடன் காட்டு விலங்குகள் நீரருந்துமிடமாகவும் அமையும். காட்டிலேயே தண்ணீர் கிடைத்த விலங்கு ஊருக்குள் இறங்க வேண்டிய தேவை குறைந்தது.

இவற்றுள் எதனையும் எவரும் ‘உயிர்ப்பன்மைப் பாதுகாப்பு’ என்று பெயரிட்டுச் செய்யவில்லை. மரவரிசையின்றிக் குளம் வற்றும். குளமின்றி நெல் இல்லை. நெல்லின்றிக் குடி இல்லை. பறவைக்கும் மீனுக்கும் அங்கு இடமிருந்தமைக்குக் காரணம், அவை உற்பத்தியின் உள்ளேயே இருந்தமைதான். வயலின் ஒரு சிறு பகுதியைப் பறவைகளுக்கென விட்டு வைத்த ‘குருளு பாலுவ’ என்னும் வழக்கத்தை வெறும் ஈகையென்று கொள்ளலாகாது. அப்பறவைகளே பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தின்றன.

இயற்கையோடு கொண்ட இவ்வுறவு சமூக உறவாகவும் இருந்தது. வறட்சி வந்து குளநீர் குறைந்தால், முழு வயலையும் விதைப்பதில்லை. குளத்துக்கு அண்மையிலுள்ள பகுதியை மட்டும், அது எவருடைய காணியாயினும், ஊரிலுள்ள பங்காளர் எல்லோருமாகப் பகிர்ந்து விதைத்தனர். ‘பெத்ம’ எனப்படும் இவ்வேற்பாட்டின்படி, இடர் வந்த காலத்தில் தனியுடைமை ஊரின் தேவைக்குப் பணிந்தது. கட்டைச் செப்பனிடுதல், வாய்க்காலைத் துப்புரவாக்குதல் முதலியன கூட்டுழைப்பாக நிகழ்ந்தன.

ஆயினும் பழமையைப் பொற்காலமாகப் பாடுவது நம் நோக்கமன்று. இக்கூட்டுழைப்பின் மேல் இராசகாரியம் என்னும் நிலமானிய ஊழியம் ஏறி நின்றது. யார் எவ்வேலை செய்வதென்பதைச் சாதி வகுத்தது. கட்டில் மண் சுமந்தவனும் கட்டின் பயனை முதலில் நுகர்ந்தவனும் எப்போதும் ஒருவரல்லர். இவ்வுண்மையை மறைத்து எழுதப்படும் சூழலியல் வரலாறு, நிலப்பிரபுவின் வரலாறாகவே முடியும்.

கோல்புறூக், கமறன் ஆகியோரின் விசாரணையைத் தொடர்ந்து 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தமை முற்போக்கான செயலே. ஆனால் ஆங்கில ஆட்சி அதனை ஒழித்தது குடியானவனை விடுவிக்கும் நோக்கால் மட்டுமன்று. கூலிக்கு விற்கக்கூடிய உழைப்பும் விலைக்கு வாங்கக்கூடிய நிலமும் அதற்கு வேண்டியிருந்தன. கட்டாயத்தோடு சேர்த்துக் குளத்தைப் பேணிய கூட்டுப் பொறுப்பும் குலைந்தது. அதனிடத்தில் வேறொரு மக்கள் அமைப்பு உருவாக்கப்படவில்லை. அடிமைத்தளை அறுந்தபோது குளக்கட்டும் உடைந்தது.

அடுத்த அடி 1840இல் வீழ்ந்தது. அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரிய சொத்தெனக் கொள்ளப்படும் என விதித்தது. உறுதி எழுதாமலே தலைமுறை தலைமுறையாகக் காட்டில் விறகும் தேனும் எடுத்து, ஆடுமாடு மேய்த்து, சேனை வெட்டி வந்த குடியானவன் ஒரே நாளில் அத்துமீறியவனானான். மலைநாட்டில் அந்நிலம் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. அத்தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். காட்டை அதன் குடிகளிடமிருந்தும், உழைப்பாளியை அவனது ஊரிலிருந்தும் பிரித்த பொருளாதாரம் ஒன்றேயாகும். நூற்றுக்கணக்கான மரவினங்கள் நின்ற இடத்திலே ஒரே பயிர் நடப்பட்டது. 1869இல் மடுல்சீமையிலே கோப்பி இலைநோய் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அப்பெருஞ்செல்வம் சாம்பலாயிற்று. ஓரினப் பயிர்ச்செய்கை தன் அழிவைத் தன்னுள்ளேயே சுமந்திருந்தது. ஆயினும் அதிலிருந்து பாடம் கற்கப்படவில்லை; கோப்பி நின்ற இடத்திலே தேயிலை நடப்பட்டது.

குளநாட்டின் பஞ்சத்தையும் நோயையும் ஆட்சியாளர் காணாமலில்லை. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய நீர் வழக்கங்களுக்கு உயிரூட்ட முயன்றது. 1873இல் வடமத்திய மாகாணம் அமைக்கப்பட்ட பின் பல குளங்கள் திருத்தப்பட்டன. இம்முயற்சிகளின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயின் குளம் ஊருக்கு மீண்டபோதும் காடு முடியிடமே இருந்தது. கட்டு ஒரு திணைக்களத்துக்கும், மரவரிசை இன்னொரு திணைக்களத்துக்கும், வயல் வேறொன்றுக்கும் உரியதாயிற்று. முழுமையாய் இருந்த ஒன்று கோப்புகளாகப் பிரிந்தது.

இவ்வாறு பிரித்த ஆட்சியே பின்னர்ப் பாதுகாப்பையும் கொண்டுவந்தது. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேற, 1938இல் வில்பத்துவும் யாலவும் தேசிய வனங்களாயின. இவ்வேலிகள் இல்லாதிருந்தால் பல உயிரினங்கள் இன்று நம்மிடையே இரா என்பதும் உண்மை. எனினும் இப்பாதுகாப்பின் அடியிலும் 1840இன் கருத்தே படிந்திருந்தது: காடு அரசினது, கிராமத்தவன் அதற்கு அந்நியன். விற்பதற்காக மக்களை வெளியேற்றுவதும், காப்பதற்காக மக்களை வெளியேற்றுவதும் நோக்கத்தில் வேறுபட்டவையே. ஆனால் இரண்டும் ஒரே உறவை அறுத்தன.

சுதந்திரத்தின் பின் இவ்வுறவைப் புதிய அடிப்படையிற் கட்டக்கூடிய வாய்ப்பொன்று கிட்டியது. பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்பளித்தது. உழுபவரே தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் வயலின் நிருவாகத்தை ஒப்படைக்க முனைந்தது. இராசகாரியத்தின் கட்டாயமுமின்றி, அரச அதிகாரியின் ஆணையுமின்றி, உழைப்போரின் சனநாயகம் நீரையும் நிலத்தையும் ஆளக்கூடிய முதற் படி அது. நிலவுடைமையாளரின் எதிர்ப்பும் அரசாங்கத்துள் எழுந்த பிளவும் அதன் வலிமையைக் குறைத்தன. 1970களில் தெரிவு முறை போய் நியமன முறை வந்தது. அச்சட்டம் காட்டையும் அலைகரையையும் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை என்பது அதன் குறையே. ஆயினும் அது திறந்த வாயில் மூடப்பட்டது நம் நாட்டின் உழவர்க்கு மட்டுமன்றி, இயற்கைக்கும் நேர்ந்த இழப்பாகும்.

அதே 1958இல்தான் எச் 4 என்னும் கலப்பின நெல்லும் வெளியாயிற்று. அதனைத் தொடர்ந்து வந்த புதிய இனங்களும் உரமும் விளைச்சலைப் பெருக்கின. பசித்த நாட்டுக்கு அது தேவை. அதனை இகழ்வது அறிவுடைமையன்று. ஆனால் ஒவ்வொரு போகத்திலும் கமக்காரன் உரத்தையும் நஞ்சையும் கடனுக்கு வாங்க வேண்டியவனானான். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நெல்லினங்கள் வயலை விட்டு அகன்று, பெரும்பாலும் விதைக் களஞ்சியங்களில் ஒடுங்கின. கட்டகடுவ வயலாயிற்று, மரவரிசை விறகாயிற்று, காட்டுக்குளம் தூர்ந்தது. தண்ணீரும் மேய்ச்சலும் இழந்த யானை ஊருக்குள் வந்தது. அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகள் மடிந்துள்ளன. நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் யானைகளால் உயிரிழந்துள்ளனர். இதனை யானைக்கும் மனிதனுக்குமான போர் என்கின்றனர். உண்மையில் இருசாராரும் ஒரே அமைப்பின் சிதைவுக்குப் பலியானவர்களே.

அறுந்த உறவை ஆணையினால் ஒட்டவைக்க முயன்றால் என்ன நேருமென்பதை 2021ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. கமக்காரரிடம் கேட்கவில்லை, மாற்று உரம் ஆயத்தமில்லை, அறுபது ஆண்டுகளாக உரத்துக்கெனவே உருவாக்கப்பட்ட விதைகள் வயலில் நின்றன. விளைச்சல் வீழ்ந்தது, அரிசி இறக்குமதியாயிற்று. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ‘இயற்கை விவசாயம்’ என்ற சொல்லே கமக்காரரிடத்து வெறுப்புக்குரியதாயிற்று. இயற்கையின் பெயராற் செய்யப்பட்டதாயினும், அதன் முறை 1840இன் முறையே: மேலிருந்து விதித்தல்.

முதலாளித்துவ விவசாயம் உழைப்பாளியைச் சுரண்டும் அதே செயலால் மண்ணையும் சுரண்டுகின்றது என்று 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலிலே மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். இவ்விரு சுரண்டல்களையும் வேறுவேறாக எண்ணுவோர் இரண்டுக்கும் தீர்வு காணார். மண்ணைக் காப்போம், மனிதனைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்பது பாதி உண்மை. மனிதனுக்குச் சோறிடுவோம், மண்ணைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்பது மறுபாதி.

இன்று உலகம் இத்திசையில் மெல்லத் திரும்புகின்றது. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் 2017இல் இலங்கையின் தொடர்குள அமைப்பை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. 2022 டிசம்பரில் மொன்றியலில் கூடிய நாடுகள், 2030ஆம் ஆண்டுக்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பதென உடன்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் அந்த 30 விழுக்காடு எவ்வாறு காக்கப்படும்? முள்வேலியாலா, அன்றி அங்கு வாழும் குடிகளின் உரிமையாலா? குளங்களைப் புனரமைக்கும்போது ஒப்பந்தகாரர் இயந்திரத்தால் ஒரு குளத்தை மட்டும் ஆழமாக்கி, அலைகரை மரங்களைச் சாய்த்துச் செல்வாராயின், நாம் பெறுவது தண்ணீர்த் தொட்டியேயன்றிக் குளமன்று. தொடர் முழுவதையும் ஒன்றாகக் கொள்ளுதல், காட்டையும் வயலையும் நீரையும் பயன்படுத்துவோரே தெரிவுசெய்யும் ஓர் அமைப்பிடம் பொறுப்பளித்தல், சாதியும் பால் வேறுபாடும் நோக்காது குத்தகையாளர்க்கும் கூலியுழைப்போர்க்கும் அதில் இடமளித்தல், மரபினங்களைப் பயிரிடுவோர்க்கு நியாய விலை உறுதிசெய்தல் ஆகியன இல்லாது உயிர்ப்பன்மை என்பது அறிக்கைகளில் மட்டுமே வாழும்.

அன்று வினவிய மாணவனுக்கு இன்று விடை கூறுவதாயின் இவ்வாறு கூறுவேன்: தம்பி, ஒரு பெரிய குளத்தை ஓர் அரசன் கட்டிவிடலாம், தொடர்குளத்தை ஊர்கள் ஒன்றோடொன்று பேசினால்தான் காக்க முடியும். மேலூரான் வான் கட்டை உயர்த்தினால் கீழூரான் வயல் காயும். ஆகவே இந்நிலப்படத்திலே நீ காண்பது குளங்களை மட்டுமன்று. மனிதர் தம்முள் கொண்ட உறவையும் காண்கின்றாய். அவ்வுறவு நீதியின்மையின் மேல் கட்டப்பட்டிருந்தது. ஆதலால் அது உடைந்தது. அதனை நீதியின் மேல் கட்டுவது உன் தலைமுறையின் வேலை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உன் ஊர்க் குளத்தின் நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது, அதன் கரையில் எம்மரங்கள் நின்றன, அவற்றை வெட்டியவர் யார் என்று மூத்தோரிடம் கேட்டு எழுதி வா. வரலாற்றுப் பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.