13-க்குப் பிறகு வந்த மௌனம்

நானாக யோசித்து எழுதிய முதல் சி புரோகிராம் நான்கே நான்கு எண்களை அச்சிட்டது: 3, 5, 7, 13. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 30 வரை தேடச் சொல்லியிருந்தேன். தேடி முடித்து, கர்சர் சிமிட்டிக்கொண்டு நின்றது. பிழை என்று எந்தச் செய்தியும் வரவில்லை. "பகா எண்கள் போகப் போகக் குறையும்னு படிச்சோமே, அதான்" என்று பக்கத்து சீட் நண்பன் சொன்னான். நானும் இரண்டு நாள் அதையே நம்பினேன்.

மூன்றாவது நாள்தான் தெரிந்தது, 17-உம் 19-உம் அந்தப் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும் என்று. அதைக் காட்டியவர் இத்தாலியின் போலோஞா நகரைச் சேர்ந்த பியெத்ரோ கட்டால்டி. வருடம் 1588. கையால் வகுத்து வகுத்துப் பார்த்தே காட்டினார். நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதரின் இறகுப் பேனாவிடம் எங்கள் லேப் கம்ப்யூட்டர் தோற்றுப்போனது!

அந்த எரிச்சலில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. கணக்கு வேண்டாம் என்பவர்கள் கணக்கு வரும் பத்திகளைத் தாண்டிப் போகலாம், கதை புரியும்.

முதலில், நான் தேடியது என்ன? 2-ஐ அதாலேயே பலமுறை பெருக்கி, கடைசியில் 1-ஐக் கழித்தால் வரும் எண்களில் எவை பகா எண்கள் என்பதுதான். 2-ஐ ஐந்து முறை எழுதிப் பெருக்கினால் 32, ஒன்று கழித்தால் 31, பகா எண். இதை 2^5 - 1 என்று எழுதுவோம். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் நிச்சயம் பகு எண்தான். அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் விடை பகா எண்ணாக இருக்கும் என்று உறுதியில்லை: 2^11 - 1 = 2047 = 23 × 89. பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென் 1644-இல் 257 வரை ஒரு பட்டியல் கொடுத்தார், அதனால் இவற்றுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அந்தப் பட்டியலில் 67-உம் 257-உம் தப்பாகச் சேர்ந்திருந்தன. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயிருந்தன. ஐந்து தப்பு செய்தும் பெயர் நிலைத்துவிட்டது, அவர் அதிர்ஷ்டம்!

ஒவ்வொரு சிறு எண்ணாலும் வகுத்துப் பார்க்கும் முறை பெரிய எண்களிடம் செல்லாது. 1876-இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் வேறு வழி கண்டார். அமெரிக்கரான டெரிக் ஹென்றி லெமர் 1930-இல் அதை எளிமையாக்கினார். 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள், 14. மறுபடியும் அதையே செய்யுங்கள், 194. பிறகு 37634. இப்படி ஒரு தொடர். ஒவ்வொரு படியிலும், சோதிக்கும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்தபின் மீதி பூச்சியம் என்றால் அது பகா எண். 31-க்குப் பார்ப்போம், மூன்று படி: 4-இலிருந்து 14. 14-இலிருந்து 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-இன் வர்க்கம் 64, இரண்டு கழித்தால் 62, மீதி பூச்சியம். முடிந்தது.

(அடுக்கு 2-க்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதனால்தான் என் பட்டியல் 3-இல் தொடங்கியது. அந்தத் தப்பை நான் கவனிக்கவே இல்லை.)

லூக்கா தன் முறையால் 2^127 - 1 பகா எண் என்று காட்டினார். 39 இலக்கங்கள். 1951 வரை, எழுபத்தைந்து வருடம், அதைவிடப் பெரிய பகா எண் எதுவும் மனிதர்களுக்குத் தெரியாது.

இந்தச் சோதனையில் ஒரு பொல்லாத குணம் உண்டு. இந்த வரலாறு முழுவதற்கும் சாவி அதுதான் என்பது என் எண்ணம். நூற்றுக்கணக்கான படிகளுக்குப் பிறகு சரியாகப் பூச்சியம் வந்தால், வழியில் தப்பு நடந்திருக்க அநேகமாக வாய்ப்பில்லை, தப்பான கணக்கு தற்செயலாகப் பூச்சியத்தில் போய் முடியாது. ஆனால் பூச்சியம் வராவிட்டால்? எண் உண்மையிலேயே பகு எண்ணாக இருக்கலாம். அல்லது எங்கோ ஒரு இலக்கம் பிசகியிருக்கலாம். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான். தப்பான புரோகிராமும் சரியான புரோகிராமும் "கிடைக்கவில்லை" என்று ஒரே குரலில் சொல்லும். எனக்கு நடந்தது அதுதான்.

லெமருக்கு இது நன்றாகத் தெரியும். கருவி செய்வதில் கெட்டிக்காரர், 1926-இல் சைக்கிள் செயின்களைக் கோத்து எண்களைச் சலிக்கும் ஒரு இயந்திரம் கட்டியவர். இளவயதில் 2^257 - 1 என்ற ஒரே எண்ணைச் சோதிக்க, மேசைக் கணக்கு இயந்திரத்தோடு நாளுக்கு இரண்டு மணி நேரமாக ஒரு வருடம் உட்கார்ந்தார். கடைசியில் பூச்சியம் வரவில்லை. மெர்சென் சொன்னது தப்பு என்று அறிவித்தார். ஒரு வருட உழைப்பின் பலன் "இல்லை" என்ற ஒரு சொல்! அதுவும் நடுவில் ஒரே ஒரு கழித்தல் பிசகியிருந்தாலும் அதே "இல்லை"தான் வந்திருக்கும்.

பிறகு மின்னணுக் கணினிகள் வந்தன. 1949-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியில் மேக்ஸ் நியூமனின் யோசனைப்படி மெர்சென் எண்களைத் தேடினார்கள். ஆலன் டூரிங்கும் அதில் கைவைத்தார். ஜூன் மாதத்தில் ஓர் இரவு கணினி ஒன்பது மணி நேரம் பிழையில்லாமல் ஓடியது என்பதே அன்று பெரிய செய்தி. ஆனால் புதிய பகா எண் ஒன்றும் சிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். ராஃபேல் ராபின்சன், கலிபோர்னியாவின் பெர்க்லியில் கணிதப் பேராசிரியர். (இவர் மனைவி ஜூலியா ராபின்சன் ஹில்பர்ட்டின் பத்தாவது கணக்கால் இவரைவிடப் புகழ் பெற்றவர்.) அப்போது வயது 40. அதுவரை ஒரு புரோகிராம்கூட எழுதியதில்லை. சுமார் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்வாக் என்ற கணினி இருந்தது. அது இருந்த நிறுவனத்தின் இயக்குநர் நம் லெமர். ராபின்சன் அந்தக் கணினியைப் பார்த்ததே இல்லை. அதன் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தபடி லூக்கா - லெமர் சோதனைக்குப் புரோகிராம் எழுதினார்.

ஸ்வாக்கின் மெமரி எவ்வளவு தெரியுமா? 256 சொற்கள், சொல்லுக்குக் குறியோடு சேர்த்து 37 பிட். மொத்தம் சுமார் 1200 பைட். இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பத்திகள்கூட அதில் முழுதாக அடங்காது. புரோகிராம், நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண், அதன் வர்க்கம் எல்லாமே அதற்குள் குடியிருக்க வேண்டும். சி போன்ற மொழிகள் கிடையாது, ஒவ்வொரு கட்டளையும் இயந்திரத்தின் எண் மொழியில்.

அவருக்குக் கைகொடுத்த ஒரு தந்திரம் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். 123456-ஐ 999-ஆல் வகுத்தால் மீதி என்ன? வகுக்கவே வேண்டாம். மும்மூன்று இலக்கமாக வெட்டி 123 + 456 என்று கூட்டினால் 579, அதுதான் மீதி. இரண்டடிமான முறையில் மெர்சென் எண் என்பது 999 மாதிரிதான், எல்லா இலக்கமும் 1. அதனால் பெரிய எண்ணை நடுவில் வெட்டி மேல்பாதியைக் கீழ்ப்பாதியோடு கூட்டினால் போதும். பூதாகரமான வகுத்தல் ஒரு கூட்டலாகச் சுருங்கிவிடுகிறது.

1952 ஜனவரி 30 அன்று புரோகிராம் ஸ்வாக்கில் ஏற்றப்பட்டது. முதல் ஓட்டத்திலேயே சரியாக ஓடியது. விடை தெரிந்த எண்களையும் அதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் லெமரின் 2^257 - 1-உம் உண்டு. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் கணினி சொன்னது: பகு எண். ஒரு வருடம் உட்கார்ந்து போட்ட கணக்கு சரிதான் என்று லெமருக்கு அன்றுதான் இன்னொரு வாய் சொல்லக் கேட்டது. இயந்திரம் தன் ஒரு வருடத்தை நொடிகளாக்கியதே என்று அவர் வருந்தினாரா, கணக்கு சரி என்று நிம்மதி அடைந்தாரா? நானாக இருந்தால் நிம்மதிதான் முதலில் வந்திருக்கும்.

அன்றிரவு பத்து மணி வாக்கில் பூச்சியம் வந்தது. 2^521 - 1, 157 இலக்கங்கள். நள்ளிரவுக்குச் சற்று முன் இன்னொன்று: 2^607 - 1. லூக்காவுக்குப் பிறகு 1914 வரை கிடைத்த மெர்சென் பகா எண்கள் மூன்றும் (61, 89, 107) 127-க்குக் கீழே மெர்சென் தவறவிட்டவைதான். மேலே ஒன்றுகூட இல்லாமல் இருந்தது, ஒரே இரவில் இரண்டு! அதே வருடம் 1279, 2203, 2281 ஆகிய அடுக்குகளும் சேர்ந்தன. 2304 வரை தேடி நிறுத்தினார் ராபின்சன். 2304 என்பது 36 × 64, அந்தச் சின்ன மெமரியின் கணக்கு அது. கணினியின் ஒரு நிமிடம், மேசை இயந்திரத்தோடு உட்காரும் மனிதரின் ஒரு வருட வேலைக்கும் மேல் என்று அவர் கணக்கிட்டார்.

இதை "மேதை, அதான் முதல் தடவையே ஓடியது" என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கம்ப்யூட்டர் கையில் இல்லாதவர் ஒவ்வொரு வரியையும் காகிதத்திலேயே ஓட்டிப் பார்த்தாக வேண்டும், வேறு வழி இல்லை. நாம் லேபில் ஓடவிட்டு, திருத்தி, மறுபடி ஓடவிடுகிறோம். நான் அன்று மட்டும் இருபது தடவை ஓடவிட்டேன். ஒரு தடவைகூட காகிதத்தில் போடவில்லை.

கற்றுக்குட்டிகள் கதை அதோடு முடியவில்லை. 1971-இல் ஐபிஎம்மில் பிரையன்ட் டக்கர்மன் 2^19937 - 1-ஐக் கண்டார். அதை முறியடித்தது ஆராய்ச்சியாளர்கள் அல்ல, 18 வயதான இரண்டு பேர்: லாரா நிக்கல், லாண்டன் கர்ட் நோல். கலிபோர்னியாவின் ஹேவர்ட் நகரப் பல்கலைக்கழகத்தின் சைபர் 174 கணினியில் நேரம் வாங்கி, 1978 அக்டோபர் 30 அன்று 2^21701 - 1 பகா எண் என்று காட்டினார்கள். 6533 இலக்கங்கள். அவர்களுக்கு எண்ணியல் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? லெமர்தான்! எழுபதைத் தாண்டிய வயதில் மறுபடி ஒரு முதல் முயற்சியின் பக்கத்தில் அவர். அடுத்த பிப்ரவரியில் நோல் தனியாக 2^23209 - 1-ஐயும் பிடித்தார். ஏப்ரலில் ஹாரி நெல்சனும் டேவிட் ஸ்லோவின்ஸ்கியும் கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டரோடு வந்து 2^44497 - 1-ஐக் கண்டுபிடிக்க, நோலின் சாதனை இரண்டே மாதத்தில் போயிற்று. 2024 அக்டோபரில் கிடைத்த 2^136279841 - 1-க்கு நான்கு கோடிக்கும் மேல் இலக்கங்கள்.

சரி, என் புரோகிராமுக்கு வருகிறேன். ராபின்சனைப் படித்தபின் காகிதம் எடுத்தேன். மீதி எடுக்கும் வரியை நீக்கிவிட்டுத் தொடரை மட்டும் அச்சிடச் சொன்னேன். 4, 14, 194, 37634, 1416317954, அடுத்து -264425470. ஒரு எண்ணை வர்க்கப்படுத்தி இரண்டு கழித்தால் கழித்தல் இருபத்தாறு கோடியா! நான் பயன்படுத்திய 32 பிட் முழுஎண் வகையில் அடங்கக்கூடிய மிகப்பெரிய எண் 2147483647. அதைத் தாண்டினால் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. 13 வரை வர்க்கங்கள் அதற்குள் அடங்கின, 17-இல் உடைந்தது.

இன்னொரு வேடிக்கை. அந்த 2147483647 என்பது 2^31 - 1. பகா எண் என்று 1772-இல் ஆய்லர் காட்டிய அதே எண். நான் தேடிக்கொண்டிருந்த பட்டியலின் ஓர் உறுப்பினரே என் வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார் :-)

64 பிட் வகைக்கு மாற்றினேன். 17, 19, 31 மூன்றும் வந்தன, 2-ஐத் தனியாகச் சேர்த்தேன். 31-க்குப் பிறகு மறுபடி மௌனம். ஆனால் இந்தத் தடவை காரணம் தெரியும். 32-ஐத் தாண்டினால் வர்க்கம் 64 பிட்டுக்குள்ளும் அடங்காது. அடுத்து வரவேண்டியது 61, இவான் பெர்வூஷின் என்ற ரஷ்ய கிராமப் பாதிரியார் 1883-இல் கையால் போட்டது. ராபின்சன் மாதிரி எண்ணைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துப் பெருக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் போட்டுக்கொண்டிருக்கிறேன், நான்கு பக்கம் ஆகிவிட்டது. இன்னும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை.