விமானிக்கு ஏன் இரண்டாவது படிப்பு?



போன முறை சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பேச்சு வந்தது. நம்மில் ஒருவரின் உறவுக்காரப் பையன் விமானி லைசென்ஸ் வாங்கி வந்திருக்கிறான். ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தார்கள். ஆனால் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். ‘டைப் ரேட்டிங்’ என்று இன்னொரு படிப்பு வேண்டுமாம், அதற்கு மேலும் பல லட்சம் வேண்டுமாம். “கவர்மெண்டே லைசென்ஸ் கொடுத்த பிறகு இன்னொரு படிப்பு எதுக்கு சார்? எல்லாம் பணம் பிடுங்குற வேலை” என்று ஒருவர் சொன்னார். பலரும் தலையாட்டினார்கள்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஆனாலும் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. வேலையில் இருந்தபோது இதே விஷயத்தில் ஒரு தவறு செய்திருக்கிறேன். அதைச் சொல்லும் முன் நம் மலையில் நடந்த ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறேன்.

சின்னமனூர் மலையில்

1971 டிசம்பர் 9. எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவுக்கு வைகை அணையில் பொதுப்பணித் துறை வேலை. அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பாகிஸ்தானுடன் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். மலையில் விமானம் விழுந்துவிட்டது என்று சேதி வந்ததும், எதிரி விமானம்தான் என்று எங்கள் தெருவில் சிலர் அடித்துச் சொன்னார்கள். அது எதிரி விமானம் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ‘ஆவ்ரோ’ விமானம். மதுரையில் இறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தபோது சின்னமனூர் அருகே மலையில் மோதிவிட்டது. பகல் நேரம்தான், ஆனால் பார்வைக்கு எதுவும் தெளிவாகத் தெரியாத வானிலை. உள்ளே இருந்தவர்கள் 31 பேர். விமான ஊழியர் 4 பேரும் பயணிகள் 17 பேரும் இறந்துபோனார்கள். 10 பேர் பிழைத்தார்கள்.

இயந்திரம் நன்றாகவே பறந்துகொண்டிருக்கும். விமானிக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் எதிரே மலை இருப்பது தெரியாது. இப்படிப்பட்ட விபத்துகள் அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் நடந்தன. டான் பேட்மேன் என்ற பொறியாளர், தரை நெருங்குவதை உணர்ந்து விமானி அறையில் எச்சரிக்கும் கருவியை உருவாக்கினார். 1974 டிசம்பரில் அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே ஒரு விமானம் மலையில் மோதிய பிறகு, பெரிய விமானங்களில் அந்தக் கருவி இருந்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. இன்று நீங்கள் ஏறும் ஏர்பஸ்ஸிலும் போயிங்கிலும் அதன் மேம்பட்ட வடிவம் இருக்கிறது. உலகத்தின் மலைகளெல்லாம் அதன் நினைவில் இருக்கின்றன. ஆபத்து என்றால் “தரை, தரை, மேலே தூக்கு” என்று ஆங்கிலத்தில் கத்தும்.

கத்தினால் மட்டும் போதுமா? கேட்டவரின் கை அடுத்த சில விநாடிக்குள் சரியான வேலையைச் செய்ய வேண்டும். அந்த வேலை ஒவ்வொரு விமான வகைக்கும் கொஞ்சம் மாறும். அதைக் கைக்குப் பழக்குவதும் டைப் ரேட்டிங் படிப்பின் ஒரு பகுதி.

லைசென்ஸ் எதைச் சொல்கிறது, ரேட்டிங் எதைச் சொல்கிறது?

நம் நாட்டில் வணிக விமானி லைசென்ஸ் கொடுப்பது டி.ஜி.சி.ஏ. என்ற விமானப் போக்குவரத்து இயக்குநரகம். 18 வயது ஆகியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பதே இத்தனை வருடமாக விதி; என்னைப் போன்ற காமர்ஸ் ஆட்கள் அந்த இரண்டு பாடத்தையும் தனியாக எழுதித்தான் உள்ளே போக முடிந்தது. மருத்துவச் சோதனை, வானிலை, வழிகாட்டல், விதிமுறை என்று தேர்வுகள், அதோடு 200 மணி நேரம் பறந்த கணக்கு. இவ்வளவும் முடிந்தால் லைசென்ஸ் கைக்கு வரும்.

அந்த 200 மணி நேரத்தில் பெரும்பகுதி பறப்பது செஸ்னா 172 போன்ற சின்னப் பயிற்சி விமானத்தில். நான்கு இருக்கை, ஒரே இன்ஜின், முழு எடையும் ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஏர்பஸ் ஏ320 விமானத்தில் சுமார் 180 பேர் உட்காருவார்கள். அது கிளம்பும்போது எடை 70 டன்னையும் தாண்டும். டி.வி.எஸ். 50 ஓட்டிப் பழகியவரிடம் குமுளி மலைப்பாதையில் பஸ்ஸைக் கொடுப்போமா?

அதனால்தான், “இவருக்குப் பறக்கத் தெரியும்” என்பது லைசென்ஸ். “இவருக்கு இந்த வகை விமானத்தைத் தெரியும்” என்பது டைப் ரேட்டிங். ஏ320-க்கு வாங்கியது போயிங் 737-க்குச் செல்லாது. முதலில் அந்த விமானத்தின் மின்சாரம், ஹைட்ராலிக், எரிபொருள், கணினி எல்லாவற்றையும் வகுப்பில் படித்துத் தேர்வு எழுத வேண்டும். பிறகு சிமுலேட்டர். விமானி அறையை அப்படியே செய்து, கால் வைத்த இயந்திரம் போல அசையும் பெட்டி அது. ஓர் இன்ஜின் நின்றுபோவது, தீப்பிடிப்பது, மலை எச்சரிக்கை, பாதி இறங்கி மறுபடி மேலேறுவது என்று நிஜத்தில் செய்து பார்க்க முடியாததையெல்லாம் அதில்தான் பழக்குவார்கள். தேர்வாளர் சோதித்துப் பார்த்த பிறகு, பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில் சில முறை ஏறி இறங்க வேண்டும். அதற்கப்புறமும் பயிற்சி கொடுக்கும் கேப்டன் பக்கத்தில் இருக்க, பயணிகளோடு பல வாரம் பறந்தால்தான் முழு விமானி.

பெங்களூரு, 1990

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்டால் 1990 பிப்ரவரி 14-ஐச் சொல்ல வேண்டும். இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானங்களை வாங்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பம்பாயிலிருந்து 146 பேரோடு வந்த அந்தப் புத்தம் புது விமானம், பெங்களூரில் ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் விழுந்து தீப்பிடித்தது. 92 பேர் இறந்தார்கள்.

விமானிகள் கற்றுக்குட்டிகள் இல்லை. பழைய விமானங்களில் பல வருடம் பறந்தவர்கள். புது விமானத்துக்கும் முறைப்படி பயிற்சி எடுத்தவர்கள். ஆனால் அந்த வகையில் பறந்த மணி நேரம் குறைவு. பழைய விமானங்களில் தானியங்கி முறை இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைத்தால், கைப்பக்கத்து லீவரும் கூடவே நகரும். பார்க்காமலே கைக்குத் தெரிந்துவிடும். ஏ320-இல் லீவர் அசையாது. திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று இன்ஜின்கள் மிகக் குறைந்த சக்தியில் இருக்க, விமானம் வேகம் இழந்து தாழ்ந்துகொண்டே வந்தது. 400 அடி, 300 அடி, 200 அடி என்று அறையில் குரல் எண்ணிச் சொன்ன பிறகும், நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து உடனே லீவரை முன்னே தள்ளவில்லை என்று விசாரணை நீதிமன்றம் முடிவு சொன்னது.

இதைப் படித்தபோது எனக்கு நம் அணைதான் ஞாபகம் வந்தது. வைகை அணையில் தேக்கக்கூடிய நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. சங்கு ஊதுவார்கள். ஆனால் சங்கு சத்தம் மட்டும் யாரையும் காப்பாற்றாது. கேட்டவுடன் ஆற்றுக்குள் இருப்பவர் கரையேற வேண்டும்; மதகு இயக்குபவருக்குத் தன் மதகு தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கிளையில் லெட்ஜர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, இருபது வருட அனுபவம் உள்ளவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். கை பழைய வழியிலேயே போகும். நான் வரவை வேறு கணக்கில் வைத்துவிட்டால் சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது தெரிந்துவிடும், திருத்திவிடலாம். விமானிக்குச் சாயங்காலம் வரை நேரம் கிடையாது.

இந்தப் படிப்பில் சிக்கனம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய சாட்சியும் இருக்கிறது. போயிங் 737 மேக்ஸ் வந்தபோது, பழைய 737 விமானிகளுக்குப் புதிய சிமுலேட்டர் பயிற்சி தேவையில்லை, கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பாடம் போதும் என்று விட்டார்கள். அதில் விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் ஒரு புதிய ஏற்பாடு இருந்தது விமானிகளின் கையேட்டிலேயே இல்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர் இறந்தார்கள். அதன் பிறகே சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம் ஆனது. ஆகவே, இரண்டாவது படிப்பு பணம் பிடுங்கும் வேலை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் பங்குத் தவறு

ஆனால் அந்தப் பணம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிளையில் இருந்தபோது, திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் மகனின் விமானி படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டு வந்தார். 2001-இல் வந்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் உள்நாட்டுப் படிப்புக்கு ஏழரை லட்சம், வெளிநாட்டுப் படிப்புக்குப் பதினைந்து லட்சம் உச்சவரம்பு. விமானிப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. பையன் வெளிநாட்டில் சேர்ந்திருந்தான். மனுவைச் சரிபார்த்தது நான். பள்ளி கொடுத்த கட்டண விவரத்தில் லைசென்ஸ் வரைக்கும்தான் செலவு போட்டிருந்தது. “இதோடு முடிந்துவிடுமா?” என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காகிதம் சரியாக இருந்தது, மேலே அனுப்பிவிட்டேன்.

பையன் லைசென்ஸோடு வந்தான், வேலை வரவில்லை. திட்டப்படி படிப்பு முடிந்து ஒரு வருடத்திலோ வேலை கிடைத்து ஆறு மாதத்திலோ, எது முந்தியோ அப்போது தவணை தொடங்கிவிடும். தொடங்கிவிட்டது. அப்பா கவுண்டருக்கு வந்து, “சார், பைலட் ஆயிட்டான்னு நீங்கதானே கை குடுத்தீங்க? இன்னும் ஒரு படிப்பு இருக்காம்ல. முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் பொறுத்தே அனுப்பியிருப்பேனே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றார்கள். பையன் மூன்று வருடம் கழித்து விமானி இருக்கையில் உட்கார்ந்தான். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் விற்ற நிலம் விற்றதுதான்.

ஆகவே, உங்கள் வீட்டிலோ உறவிலோ ஒரு பிள்ளை விமானி ஆக ஆசைப்பட்டால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்.

ஒன்று, முதல் நாளே இரண்டு படிப்பின் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள். டைப் ரேட்டிங்குக்குப் பத்து லட்சத்துக்கு மேல் தனியாக ஆகும். இடையில் காத்திருக்கும் மாதங்களின் வட்டியையும் சேருங்கள்.

இரண்டு, வேலை உறுதியாகும் முன் ஏதோ ஒரு விமான வகைக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தின. ஒரு கம்பெனி மூடினால் அந்த வகை விமானம் தெரிந்த நூற்றுக்கணக்கான அனுபவசாலிகள் வரிசையில் முன்னால் வந்து நிற்பார்கள். எந்த நிறுவனம் எந்த வகை வைத்திருக்கிறது, புதிதாக எதற்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். பயிற்சியையும் வேலையையும் சேர்த்தே தரும் நிறுவனத் திட்டங்களின் நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள்.

மூன்று, காத்திருக்கும் பிள்ளையை, “என்னப்பா, இன்னும் பறக்கலையா?” என்று லிஃப்டில் கேட்காதீர்கள். அவன் சும்மா இல்லை, பாதி வழியில் இருக்கிறான்.

மேகம் இல்லாத மாலையில் நம் மொட்டை மாடியிலிருந்து தென்மேற்கே பாருங்கள். மேகமலைத் தொடர் தெரியும். 21 பேர் இறந்தது அந்தப் பக்கம்தான். அடுத்த முறை யாராவது இரண்டாவது படிப்பு எதற்கு என்று கேட்டால், அந்த மலையைக் காட்டிப் பதில் சொல்லலாம்.